இரண்டாம் மணி

டிசம்பர் இருபத்தைந்து. நத்தார் ஆராதனை முடிந்து சனம் எழும்பப்போகும் நேரத்தில், வருகிற வருடம் ஆராதனையைச் சீர்படுத்த ஒரு குழு போடப்போவதாகப் புதிய போதகர் அறிவித்தார். ஆர்மோனியத்துக்குப் பின்னால் இருந்த தங்கரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஜனவரி முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை. சபையார் எல்லாரும் எழுந்து நின்று, தங்களை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்ததைப் புதுப்பிக்கிற நாள். அந்த நாளிலிருந்து எல்லாமே புதிதாக இருக்கவேண்டும் என்றார் போதகர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலு மாதம்கூட ஆகாத இளம் மனிதர். எதையும் புதிதாக்கிவிடலாம் என்று நம்புகிற வயது.

எதைச் சீர்படுத்த வேண்டும் என்று தங்கரத்தினத்துக்குத் தெரியும். அதற்குக் குழு தேவையில்லை, ஒரு கயிறு போதும்.

கல்முனைச் சந்தைப் பக்கமிருந்து கடற்கரைக்கு இறங்கும் வீதியில் இருக்கிறது அந்தத் தேவாலயம். எதிரே ஆதம்பாவாவின் புடைவைக் கடை, கொஞ்சம் தள்ளிப் பள்ளிவாசல். ஞாயிறு காலையில் தேவாலயத்து மணி இரண்டு தடவை அடிக்கும். எட்டு மணிக்கு அடிப்பது முதல் மணி, சனம் வீட்டிலிருந்து வெளிக்கிடுவதற்கு. எட்டரைக்கு அடிக்கவேண்டியது இரண்டாம் மணி, ஆராதனை தொடங்குவதற்கு. முதல் மணி சொன்ன நேரத்துக்கு அடிக்கும். இரண்டாம் மணிக்குத்தான் நேரமும் இல்லை, காலமும் இல்லை. வயல் வீதி வளைவில் கந்தப்போடியாரின் கறுப்புக் கார் தெரிந்தால் அடிக்கும், தெரியாவிட்டால் அடிக்காது. ஒன்பதும் ஆகும், ஒன்பதரையும் ஆகும்.

போடியாரின் ஞானஸ்நானப் பெயர் சாமுவேல். அந்தப் பெயர் போதகரின் பதிவோடு சரி, ஊர் அவரைக் கந்தப்போடியார் என்றே கூப்பிட்டது. வயல் வட்டையில் பாதி அவருடையது. அந்த மணியை வாங்கித் தந்தது அவருடைய தகப்பன். எழுபத்தெட்டுச் சூறாவளி தேவாலயத்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது புதுத் தகரம் போட்டுத் தந்தது அவர். எனவே உட்கார முன் வரிசை வாங்கு அவருக்கு. மணிக்கயிறு மூப்பர் சாமித்தம்பியின் கையில். மூப்பருடைய கண்ணோ வளைவில். சபையார் வெளியே மரநிழலில் நின்று வெற்றிலை போடுவார்கள், பிள்ளைகள் மணலில் புரண்டு வெள்ளை உடுப்பை ஊத்தையாக்குவார்கள், தங்கரத்தினம் ஆர்மோனியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். எத்தனையோ வருடங்களாக இப்படித்தான். அவளுக்கு அது எரிச்சலாக இருந்ததே தவிர, ஆத்திரமாக இருந்ததில்லை.

ஆத்திரம் வந்தது கார்த்திகை மாதத்தில். அவளுடைய கணவன் கனகசிங்கம், தபால் கந்தோரில் முத்திரை விற்ற மனிதன், ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையிலேயே போய்விட்டான். மறுநாள் மூன்று மணிக்கு அடக்கம். மணி அடித்த பிறகுதான் பிரேதத்தை உள்ளே எடுக்கவேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம். பெட்டியைக் கொண்டுவந்து தேவாலய வாசலில் இரண்டு வாங்குகளின் மேல் வைத்தார்கள். மூப்பர் கயிற்றைப் பிடித்தார், வளைவைப் பார்த்தார், கயிற்றை விட்டார்.

நின்றார்கள். வானம் வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஆதம்பாவா கடைத் தாழ்வாரத்தில் அவளோடு படிப்பிக்கிற முஸ்லிம் ரீச்சர்மார் வந்து நின்றார்கள். அதில் சுபைறா, தங்கரத்தினத்தோடு ஒரே மேசையில் இருந்து சோறு சாப்பிடுகிறவள், மெல்ல வந்து அவள் கையைப் பிடித்து, "மையத்த வெச்சுக்கொண்டு என்னத்துக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறாங்க?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லத் தொடங்கியது. அது எவருடைய காருக்காகவும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

கார் வந்தது, மணி அடித்தது, ஜெபம் நடந்தது. கடற்கரைச் சேமக்காலைக்குப் போய்ச் சேர்வதற்குள் மழை கொட்டிவிட்டது. மணல் நிலம். குழிக்குள் மேலிருந்தும் தண்ணீர், கீழிருந்தும் தண்ணீர். பெயின்ற் வாளியால் இறைத்தார்கள், தீரவில்லை. கடைசியில் பெட்டியை இறக்கினார்கள். அது மிதந்தது. இரண்டு பேர் குழிக்குள் இறங்கி அதன் மேல் ஏறி நின்று மிதித்துத் தாழ்த்த, மற்றவர்கள் அவசரமாக மண்ணைத் தள்ளினார்கள். தன் புருஷனை மிதித்துப் புதைத்ததைத் தங்கரத்தினம் குடைக்குக் கீழே நின்று பார்த்தாள். கந்தப்போடியாரும் பக்கத்தில் நின்றார். அன்றைக்கு அவள் மனதுக்குள் அவரைச் சபித்த சாபங்களை ஒரு கிறிஸ்தவப் பெண் சபிக்கக்கூடாது. சபித்தாள். பிறகு ஒவ்வொரு நாளும் படுக்கப்போகும்போதும் திரும்பவும் சபித்தாள்.

குழுவுக்குப் போதகர் அவளைக் கூப்பிட்டபோது அவள் போனதன் காரணம் இதுதான்.

போதகர் வீட்டு மண்டபத்தில் நத்தார் கேக்கின் மிச்சமும் தேத்தண்ணியும் வைத்துக் கூட்டம் நடந்தது. ஒலிபெருக்கி வேண்டும் என்றார் ஒருவர். பாடகர் குழுவுக்கு ஒரே நிறத்தில் சேலை வேண்டும் என்றாள் ஒருத்தி. பீடத்துத் திரைச்சீலை மங்கிப்போய்விட்டது, பிள்ளைகள் ஜெபத்துக்குள் கதைக்கிறார்கள், செருப்புகள் வாசலில் கும்பலாகக் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அந்தச் சபையை வெல்ல இந்தக் கரையில் ஒரு சபையும் கிடையாது.

"எனக்கு ஒண்டே ஒண்டுதான்" என்றாள் தங்கரத்தினம். "ரெண்டாம் மணி எட்டரைக்கு அடிக்கவேணும். ஆர் வந்தாலும் வராட்டியும்."

தேத்தண்ணிக் கோப்பைகள் கீழே வைபட்டன. மூப்பர் சாமித்தம்பி தொண்டையைச் செருமினார். "அது சரிவராது ரீச்சர். நம்மட பெரிய மனிசருக்கு நாம குடுக்கிற மரியாதை அது. அவர் வராம நாம தொடங்கினா அவர் என்ன நினைப்பார்?"

"ஆண்டவர் என்ன நினைப்பார் எண்டு ஒரு நாளாவது யோசிச்சீங்களா மூப்பர்?"

"ஆண்டவர் விளங்கிக்கொள்ளுவார். மனிசருக்குத்தான் மனம் நோகும்."

போதகர் நடுவில் புகுந்தார். "ஏன், போடியாரிட்டயே ஒருக்காக் கேட்டுப் பாத்தால் என்ன?"

மூப்பர் நாக்கைக் கடித்தார். "ஐயோ போதகர், அதைப் போய் எப்பிடிக் கேக்கிற? மரியாதையாச் செய்யிற ஒண்டை வாய் திறந்து கேட்டா மறுகா அதில என்ன மரியாதை இருக்கு? நானும் கேட்டதில்ல, எனக்கு முன்ன இருந்த மூப்பரும் கேட்டதில்ல."

"ரீச்சர், நீங்கள் வேணுமெண்டால் போய்..." என்று போதகர் இழுத்தார்.

"அந்த மனிசன்ட வளவுக்குள்ள நான் கால் வைக்கமாட்டன்" என்றாள் தங்கரத்தினம்.

கடைசியில் 'நேர ஒழுங்கு பேணப்படும்' என்று எழுதிக்கொண்டு கூட்டம் கலைந்தது. யார் பேணுவது, எப்படிப் பேணுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒலிபெருக்கி மட்டும் அந்தக் கிழமையே வந்து சேர்ந்தது.

எண்பத்திரண்டாம் ஆண்டின் முதல் ஞாயிறு விடிந்தது. வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு தங்கரத்தினம் முதல் மணிக்கு முன்னமே தேவாலயத்துக்குப் போய்விட்டாள். புதுத் திரைச்சீலை தொங்கியது. செருப்பு வைக்கப் பலகை அடித்திருந்தார்கள். பாடகர் குழுப் பெண்கள் நீலச் சேலையில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டரை ஆனது. மூப்பர் ஒரு கையில் கயிற்றைப் பிடித்தபடி வாசலில் நின்று வளைவைப் பார்த்தார்.

"மூப்பர், நேரமாச்சு."

"பொறுங்க ரீச்சர். கார் தெரியல்ல."

"நேர ஒழுங்கு எண்டு எழுதினதில நீங்களும்தானே கையெழுத்து வெச்ச?"

"அது வேற, இது வேற."

அவளுக்குள் ஆறு கிழமையாகக் கொதித்தது அந்த இடத்தில் பொங்கி வழிந்தது. எட்டிக் கயிற்றைப் பிடித்தாள். மூப்பர் விடவில்லை. தேவாலய வாசலில், உடன்படிக்கை ஞாயிறன்று, ஒரு மூப்பரும் ஒரு விதவையும் கயிறு இழுத்தார்கள். நீலச் சேலைகள் வாயைப் பொத்திக்கொண்டன. எதிர்க் கடையில் ஆதம்பாவா துணி மடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"விடுங்க" என்றாள் தங்கரத்தினம். "இல்லாட்டி இதே கயித்தால உங்களக் கட்டிப்போட்டுட்டு அடிப்பன்."

மூப்பர் விட்டுவிட்டார். அவள் அடித்தாள். கை நோகும்வரை அடித்தாள். எட்டரைக்கு அந்த மணி கேட்டுப் பழக்கமில்லாத ஊர், ஏதோ தீப்பிடித்ததாக நினைத்து வீதிக்கு வந்து பார்த்தது.

உள்ளே போய் ஆர்மோனியத்தில் முதல் கீர்த்தனையைத் தொடங்கினாள். சபையார் வந்து இருந்தார்கள், வாயைத்தான் திறக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் வெறுமையாய்க் கிடந்த முன் வாங்கில். போதகர் மட்டும் புது ஒலிபெருக்கியில் தனியாகப் பாடினார். அவளும் பாடினாள், ஆத்திரத்தில் சுருதியை ஒரு கட்டை மேலே வைத்துவிட்டதால் குரல் கிழிந்தது. அதற்காக இறக்கவில்லை.

இரண்டாம் சரணத்துக்குள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கந்தப்போடியார் வயற்காரன் ஒருவனின் சைக்கிள் கரியரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். சட்டையில் தெறி மாறிப் பூட்டியிருந்தது, தோளில் சால்வை இல்லை, மூச்சு வாங்கியது. குனிந்தபடியே வந்து முன் வாங்கில் இருந்தார். உடனே சபை முழுவதும் தொண்டை திறந்து பாடத் தொடங்கியது. தங்கரத்தினத்துக்கு ஆர்மோனியத்தைத் தூக்கி அவர்கள் மேல் எறியலாம் போலிருந்தது.

ஆராதனை முடிந்ததும் போடியார் நேரே அவளிடம் வந்தார். பின்னால் மூப்பர், முகத்தில் இரத்தமே இல்லை. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து அவள் எழுந்து நின்றாள்.

"ரீச்சர், நீங்கதான் மணி அடிச்சதெண்டு சொல்றாங்க. ரைவரைக் கூப்பிடவும் நேரம் கிடைக்கல்ல எனக்கு. இண்டைக்கு மட்டும் என்ன நேரத்தோட?"

"ஆராதனை எட்டரைக்கு, போடியார். எட்டரைக்கு அடிச்சன்."

"ஓம், அது எனக்கும் தெரியும். அப்ப மற்ற ஞாயிறுகள்ல ஏன் அடிக்கிறல்ல?"

கேலி பண்ணுகிறார் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். "உங்களுக்காகத்தான். உங்கட கார் வளைவில தெரியிறவரைக்கும் இந்த மூப்பர் கயித்தப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவர். தெரியாத மாதிரிக் கதைக்காதீங்க."

"எனக்காகவா?"

அந்த முகத்தில் கேலி இல்லை. மூப்பரைத் திரும்பிப் பார்த்தார். மூப்பர் நிலத்தைப் பார்த்தார்.

"எங்கட அப்பா சொல்லிவெச்ச கதை ரீச்சர்" என்றார் போடியார் மெதுவாக. "ரெண்டாம் மணி கேட்டாப்பிறகுதான் வளவு வாசலைத் தாண்டவேணும், நாம முதலே போய்க் குந்தியிருந்தா வயற்காரச் சனம் கூச்சப்பட்டு உள்ள வராது எண்டு. எட்டரைக்கு முன்னமே நான் உடுத்துக்கொண்டு விறாந்தையில இருப்பன். மணி கேக்காது. இருந்து இருந்து அலுத்துப்போய்க் காரை எடு எண்டுவன். கார் வளைவுக்கு வரத்தான் மணி அடிக்கும். இந்தச் சேர்ச்சில ஒருத்தனுக்கும் நேரம் காலம் தெரியாது எண்டு வீட்டில ஏசாத ஞாயிறு இல்ல. இண்டைக்குத்தான், எப்பிடியும் பிந்தும் எண்டு ஆறுதலா உடுத்துக்கொண்டிருந்தன்."

தங்கரத்தினம் ஆர்மோனியத்தைப் பிடித்துக்கொண்டாள். கேட்கப் பயந்த கேள்வியைக் கேட்டாள். "எங்கட வீட்டுக்காரர்ட அடக்கத்தண்டைக்கு?"

"அண்டைக்கும் மணிக்காகத்தான் இருந்தன். வேட்டி கட்டி, குடையையும் மடியில வெச்சுக்கொண்டு. மழை கறுக்கிறதப் பாத்தன். 'பிரேதத்த வெச்சுக்கொண்டு என்னத்துக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்' எண்டு மனிசிட்டக் கத்தினன். பொறுக்கேலாமத்தான் மணி கேக்காமலே வந்த."

சுபைறா கேட்ட அதே கேள்வி. அதை அவரும் கேட்டிருக்கிறார், அரை மைல் தள்ளி, தன் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு. அங்கே அவர் மணிக்குக் காத்திருந்தார், இங்கே மணி அவருக்குக் காத்திருந்தது. நடுவில் வாசலில் கனகசிங்கம் கிடந்தான். யாரும் கேட்காத மரியாதை ஒன்றுக்காக அவனைத் தண்ணீரில் மிதித்துத் தாழ்த்தினார்கள். ஒருவன், ஒரே ஒருவன், அந்த வளவுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்த ஒருவர் தானாகவும் இருந்திருக்கலாம் என்பது தங்கரத்தினத்துக்கு அப்போதே உறைத்தது. ஆறு கிழமையாக ஊட்டி வளர்த்த வெறுப்பு இருக்க இடமில்லாமல் நின்றது.

போடியாரின் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க மூப்பர் பக்கம் திரும்பி, "சாமித்தம்பி, இனி எட்டரைக்கு அடி" என்றார்.

"ஓம் போடியார்" என்றார் மூப்பர். மறு பேச்சில்லை, யோசனையில்லை, கூட்டம் இல்லை, தேத்தண்ணி இல்லை. உடனே ஓம்.

அந்த ஓம்தான் அவளைச் சுட்டது. புருஷனைப் பறிகொடுத்தவள் கேட்டபோது சரிவராது. கயிற்றைப் பறித்து அடித்தபோது விசர் பிடித்தவள். போடியார் ஒரு வார்த்தை சொன்னதும் சரிவந்துவிட்டது. அந்தக் கிழமை முழுவதும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைக் கண்டு நடுங்கினார்கள். சுபைறாகூடச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டுப் பேசாமல் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு எட்டரைக்கு மூப்பர் இரண்டாம் மணி அடித்தார். ஊருக்கே கேட்கிற மாதிரி, தான் கண்டுபிடித்த மணி போல அடித்தார். போடியாரும் கொஞ்ச நேரத்தில் வந்து முன் வாங்கில் இருந்தார். போதகர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இந்தப் புது வருடத்தில் எங்கள் ஆராதனை நேரத்துக்குத் தொடங்க வழிசெய்து தந்த கந்தப்போடியார் அவர்களுக்குச் சபையின் சார்பாக நன்றி. இப்போது முதல் கீர்த்தனை பாடுவோம்."

போடியார் வேண்டாம் என்பதுபோலக் கையை உயர்த்தினார். அதற்குள் சபை தலையாட்டி முடித்துவிட்டது. எல்லாரும் பாட எழுந்தார்கள்.

ஆர்மோனியம் சத்தம் போடவில்லை.

தங்கரத்தினம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேரே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி இருந்த இடம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு கிழவர் இருமினார். போதகர் ஒலிபெருக்கியில் இரண்டாம் முறையும் முதல் கீர்த்தனை என்றார். அவள் அசையவில்லை. வெளியே வானம் வடக்கே கறுத்து, காற்று ஈரத்தோடு உள்ளே வந்தது. நின்றவர்கள் இருப்பதா நிற்பதா என்று தெரியாமல் காலை மாற்றி மாற்றி நின்றார்கள்.

மூப்பருக்குப் பொறுக்கவில்லை. பக்கவாட்டால் வந்து குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ரீச்சர், என்ன இது? மணி நேரத்துக்கு அடிச்சாச்சு, போடியாரும் வந்திட்டார். ஆருக்காகப் பாத்துக்கொண்டு இருக்கிறீங்க?"

"எங்கட வீட்டுக்காரர் இன்னும் வரல்ல மூப்பர்" என்றாள் தங்கரத்தினம். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் அது கடைசி வாங்குவரைக்கும் கேட்டது. "அவர் வந்தாப்பிறகு தொடங்குவம்."

முன் வாங்கில் போடியார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் போட்டுத் தந்த தகரத்தில் மழை விழத் தொடங்கியது. தங்கரத்தினம் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. சபை நின்றபடியே காத்திருந்தது.